அப்பாவின் முடவன் முழுக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது காலும் கையும் விழுந்துபோன அன்று, அவர் எழுந்து நடந்துவிட்டால் இருவருமாக மாயூரம் வந்து, ஐப்பசியில் காவிரியில் நீராடும் துலா ஸ்நானம் செய்கிறோம் என்று, அந்த ஊர்க் கோயில் அம்பாளான அபயாம்பிகையிடம் அம்மா வேண்டிக்கொண்டார். ஊர்ப் பெயர் 1982-லேயே மயிலாடுதுறை ஆகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அது இன்றும் மாயூரந்தான். அம்பாள் அருளால் அப்பா தடி ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார். ஆனாலும் அந்தக் காலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது.

ஐப்பசி முழுக்கக் கங்கையே வந்து நீராடும் துறைக்கு நாங்கள் கிளம்பியதோ மாதத்தின் கடைசி நாளான கடைமுகத்தன்று. வண்டியை வெகு தொலைவிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து அந்தத் துறையான துலாக்கட்டம் வரை, நெரிசலில் தடியைத் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு நடுவே, அப்பாவை அணைத்தபடி அடி அடியாக நகர்ந்தோம். துறையை நெருங்கும்போது தீர்த்தவாரி முடிந்து சுவாமிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரு கரையிலும் நின்ற கூட்டம் எங்களுக்கு எதிரே வெள்ளமாக வந்தது. அதை எதிர்த்து அப்பாவைப் படியிறக்குவது நடக்காத காரியம். போதாக்குறைக்குச் சங்கல்பம் செய்துவைப்பதாகப் பின்தொடர்ந்த ஒருவர், ஐந்நூறு கொடுத்தால் தனி வழியாகக் கூட்டிப்போவதாகப் பேரம் பேசினார். காவிரித் தாய் யாரிடமும் கட்டணம் கேட்டவளில்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

என்னால் தாமதமாகிவிட்டதே என்று நான் கலங்கி நிற்க, அப்பா சிரித்தார். "நாளைக்கு இருக்கே, முடவன் முழுக்கு. அது எனக்குன்னே வெச்சதுதானே!" கடைமுகத்துக்கு வந்து சேர முடியாமல் போன முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளிலும் அதே பலனை ஈசன் அருளிய துறையில் நின்றுகொண்டு, அவர் சொன்னதை வெறும் வேடிக்கைப் பேச்சாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

விடியுமுன் துறைக்கு வந்தபோது முந்தைய நாளின் கூட்டத்தில் கால் பங்குகூட இல்லை. ஆற்றின் நடுவே நந்தி மண்டபம் கருநிழலாகத் தெரிந்தது. படிகளில் பாசி வழுக்கியதால், முகம் தெரியாத இளைஞர் ஒருவர் தானாகவே வந்து அப்பாவின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டார். கடைசிப் படியில் இடது காலைத் தண்ணீருக்குள் வைத்த அப்பா, சட்டென்று அதை வெளியே இழுத்துக்கொண்டார்.

"ஜில்லுங்குது."

அம்மா அவர் முகத்தையே பார்த்தார். "எந்தக் கால்?"

"இதுதான்."

அதன் பிறகு சங்கல்பம் செய்தோமா, எத்தனை முழுக்குப் போட்டோம், எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா சொம்பில் மொண்டு மொண்டு அந்தக் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்ததும், ஒவ்வொரு சொம்புக்கும் "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டதும், அப்பா குழந்தையைப் போலத் தலையாட்டியதும் மட்டுமே கண்ணில் நிற்கின்றன. தாயே, நாங்கள் கேட்டது நடையை மட்டுந்தானே!

ஈர உடை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தோம். சம்பந்தரும் அப்பரும் பாடிய மாயூரநாதரைத் தரிசித்து, கையில் கிளியுடன் நிற்கும் அபயாம்பிகைக்கு அர்ச்சனை செய்தோம். மயிலாக வந்து ஈசனைப் பூசித்தவளிடம் எதைச் சொல்லி நன்றி கூறுவதென்று எனக்குத் தெரியவில்லை. வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. தலபுராணத்தில் வரும் நாதசர்மாவும் அவர் மனைவி அனவித்யாம்பிகையும் நம்மைப் போலவே துலா நீராட்டுக்குத் தாமதமாக வந்தவர்கள்தாமே! அம்பாள் சன்னிதி அருகே, அந்த அனவித்யாம்பிகையே லிங்கமாகி, சிவப்புச் சேலை சுற்றியபடி வீற்றிருக்கிறாள். லிங்கத்துக்குச் சேலை சாத்தியிருப்பதை அம்மா அங்கேதான் முதன்முறையாகப் பார்த்தாராம். கைகூப்பி நின்றவரை அங்கிருந்து அழைத்துவர வெகுநேரம் ஆயிற்று.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அம்மா சிவப்புச் சேலை ஒன்று வாங்கினார். மடிப்புக் கலையாமல் மஞ்சள் துணியில் சுற்றி, எங்கள் பூஜை அலமாரியில் அது அடுத்த ஐப்பசிக்காகக் காத்திருக்கிறது.