கட்டைவிரல் ரேகை

நேற்று இரவு பதினொரு மணிக்குக் குளியலறை விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு, பிலிம் சுருள் ஒன்றை நீளவாக்கில் கீறிக்கொண்டிருந்தேன். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெளியிலிருந்து மனைவியின் குரல். நியாயமான கேள்விதான்.

எல்லாம் இந்த மினாக்ஸ் பி படுத்தும் பாடு. 1958 முதல் 1972 வரை ஜெர்மனியில் செய்த கேமரா. இதற்கான பிலிமின் அகலம் வெறும் 9.2 மில்லிமீட்டர். 35 எம்.எம். பிலிமின் ஓரத் துளைகளை ஒதுக்கிவிட்டால் நடுவில் இரண்டு கீற்றுகள் தேறும். அதில் விழும் படம் 8க்கு 11 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் போல.

இதை 'உளவாளி கேமரா' என்பார்கள். உளவாளிகள் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் 1930களில் எஸ்தோனியாவில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கிய வால்டர் சாப், சாதாரண மனிதர்களின் சட்டைப்பையைத்தான் மனத்தில் வைத்திருந்தார். உளவாளிப் பட்டம் பின்னால் ஒட்டிக்கொண்டது, விலையையும் ஏற்றிவிட்டது!

எனக்குப் பிடித்தது அதன் இயக்கம். கேமராவை நீளவாக்கில் இழுத்தால் லென்ஸ் கண் திறக்கும், மூடினால் 'சளக்' என்று பிலிம் நகரும். கூடவே ஒரு சங்கிலி. அதில் கோத்த மணிகளைப் பிடித்துத் தூரம் அளந்து, 20 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் படமெடுக்கலாம்.

இவ்வளவு சிறிய நெகட்டிவில் ஒரு தூசி விழுந்தாலும் பெரிதாக்கும்போது பூசணிக்காயாகத் தெரியும். இன்று காலை கழுவிய சுருளில் அம்மா திண்ணையில் சிரிக்கிறாள். முகம் முழுக்க என் கட்டைவிரல் ரேகை.