வின்செஸ்டர் கனவும் ஒத்தைக்குழல் துவக்கும்

பயிர்க் காவலுக்கு ஒரு துவக்கும் அதுக்கு லைசன்ஸும் எடுக்க நாலு லீவு, போக வர எட்டு பஸ், ரெண்டு ஜீ.எஸ் (கிராம சேவகர்) கடிதம், ஒரு மெடிக்கல். இதில பாதி சும்மா வீணாப் போனது. எரிச்சல் ஆறமுதல் எழுதிப்போடுறன், ஆருக்காவது உதவட்டும்.

வன்னிப் பக்கம் அப்பாட காணி ஒண்டிருக்கு, தென்னையும் கச்சானும். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில, அங்க பாக்கிறது சித்தப்பாதான். பகல்ல குரங்கு, இரவில காட்டுப்பண்டி. 2025 மார்ச் 15 காலம 8 மணிக்கு அஞ்சு நிமிஷம் குரங்கு, மயில், பண்டி எல்லாம் எண்ணச் சொல்லி அரசாங்கம் கேட்டதுதானே, சித்தப்பாவும் பேப்பரும் பேனையுமா நிண்டவர், அந்த அஞ்சு நிமிஷமும் ஒண்டு எட்டிப் பாக்கேல்லையாம், எட்டேகாலுக்குக் குடும்பத்தோட வந்து இளநியெல்லாம் பிடுங்கி எறிஞ்சுபோட்டுப் போச்சுதுகளாம். அண்டைக்குத்தான் துவக்கு எடுப்பம் எண்டு முடிவு.

நான் செய்த முதல் பிழை, பேப்பரைப் பாக்க முதல் துவக்கைப் பாத்தது. அமெரிக்காக்காரன்ர வீடியோக்கள்தான். அங்க தோட்டவீட்டுக்காரர் சின்னப் பிராணிக்கு .22 ருகர் 10/22 எண்ட சின்னக் குண்டு ரைபிள் வச்சிருப்பினம், 1964ல வந்தது, பத்துத் தோட்டா பிடிக்கிற சின்ன மகசின். பெரிசுக்கு .30-30 வின்செஸ்டர் 94, லீவரை இழுத்து விடுற சத்தமே ஒரு அழகு, 1894ல வந்த டிசைன், வால்நட் பிடி. மனிசி நித்திரையான பிறகு இருந்து பாத்துப் பாத்து எது வடிவு எண்டு ஒரு லிஸ்டே போட்டு வச்சிருந்தன்.

கொழும்பில கேக்கப்போன இடத்தில அந்த லிஸ்ட் ரெண்டு நிமிஷம் நிக்கேல்ல. பயிர்க் காவலுக்கெண்டா 12 போர் சொட்கன் (சிதறுகுண்டுத் துவக்கு), ரைபிள் கதை வேண்டாம், காணி எந்த மாவட்டமோ அந்தக் கச்சேரிக்கு, அதான் மாவட்டச் செயலகத்துக்குப் போங்கோ எண்டிட்டினம். சரி, யோசிச்சுப் பாத்தா நியாயம்தான், .22 தோட்டா பெட்டியிலயே ஒண்டரை மைலுக்கு ஆபத்தெண்டு அடிச்சிருப்பாங்கள், எங்கட வேலிக்கு அங்கால நாலு வீடு. சொட்கன் நாப்பது யார் தூரத்துக்குள்ள வேலையை முடிச்சிடும்.

பிறகு நான் என்ர பேர்ல எல்லாம் எடுத்தன். வெள்ளவத்தை ஜீ.எஸ் கடிதம், காணிப் பக்கத்து ஜீ.எஸ் கடிதம், காணி உறுதி, மெடிக்கல். உறுதியில அப்பாட பேர் ஒரு மாதிரி, என்ர பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில வேற மாதிரி, அதுக்கொரு சத்தியக்கடதாசி. ரெண்டு தரம் கச்சேரிக்குப் போய் மூண்டாந்தரம் போகேக்க அந்தக் கிளாக் பைலைப் பிரட்டிப்போட்டுக் கேக்கிறார், "தம்பி நீங்கள் இருக்கிறது கொழும்பில, அப்ப பண்டியை ஆர் கலைக்கிறது?" சித்தப்பா எண்டன். "லைசன்ஸ் உங்கட பேர்ல இருந்தா அவர் தொடக்கூடாதே, தெரியாதோ?" முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாம். ரெண்டு தரமும் அதே பைலைத்தான் பாத்தவர், அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு!

ஆகவே காணி செய்யிற ஆளின்ர பேரிலதான் போடோணும், வெளியூர்ல இருக்கிறவை இதை நல்லா மனசில வையுங்கோ. சித்தப்பா பேர்ல திருப்பிப் போட்டது, பொலிஸ் ரிப்போட், விசாரணை எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிஞ்சுது, மாசக்கணக்கா எடுத்தது மட்டும்தான்.

துவக்கு தேடேக்க திரும்பவும் எனக்கு அழகுப் பைத்தியம். லைசன்ஸ் உள்ள ஒரு வயசான ஐயா தன்ர பழைய இங்கிலிஷ் இரட்டைக்குழலை அனுமதியோட மாத்தித் தாறன் எண்டவர். பூவேலை செய்த பக்கத் தகடு, கறுத்து மினுங்கிற வால்நட், கையில எடுத்தா வைக்க மனம் வராது. அட்வான்ஸும் குடுத்திட்டன். நல்லகாலம் துவக்குத் திருத்துற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனன். அவர் குழலுக்கடியில இருந்த எழுத்தைப் பாத்திட்டு இது ரெண்டரை இஞ்சி சேம்பர் (தோட்டா இருக்கிற அறை) எண்டார், அதாவது 65 மில்லிமீட்டர். இப்ப வாற தோட்டா 70. தோட்டாவின்ர வாய் மடிச்சிருக்கிறதால உள்ள வடிவா இறங்கும், வெடிக்கேக்க அந்த மடிப்பு விரிய இடமிராது, அமுக்கம் ஏறும், பழைய குழல் தாங்காது. உள்ள போகுது எண்டதை நம்பி ஒருத்தரும் ஏமாறாதேங்கோ. அட்வான்ஸில பாதிதான் திரும்பி வந்தது.

கடைசியா கிடைச்சது ஒத்தைக்குழல், 70 சேம்பர், பிடி ஏதோ வெளிறின மரம், விளக்குமாத்துத் தடி மாதிரி ஒரு அழகு. சித்தப்பாவுக்கு நல்ல சந்தோசம், இறாத்தல் குறைவாம், தோளில கொழுவிக்கொண்டு வரம்பால நடக்கலாமாம். மாமி மட்டும் குரங்குக்கு வைக்கக்கூடாது, ஆஞ்சநேயர் எண்டு நேர்த்தியே வச்சிட்டா, அதால குரங்குக்கு மேல்வெடி மட்டும்தான்.

லைசன்ஸ் கையில வந்தது டிசம்பர் 9. வாசிச்சுப் பாத்தா டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லுமாம், எந்த மாசம் எடுத்தாலும் வருசக் கடைசியோட சரி. 22 நாள். புதுப்பிக்கிற போமை சித்தப்பா அந்தக் கிளாக்கிட்டயே கேட்டிருக்கிறார், நாளைக்கு வரட்டாம்.