400 சதவீதமும் 200 ரூபாயும்

ஒரு கம்பெனி "400 சதவீதம் டிவிடெண்ட்" (லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகை) அறிவித்ததாகச் செய்தியில் பார்த்ததும் பரபரப்பாகிவிட்டது. பங்கின் விலை 380 ரூபாய். அப்படியானால் ஒரு பங்குக்கு 1,520 ரூபாயா? கீழமாசி வீதியில் எனக்கு டிமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கிக் கொடுத்த புரோக்கர் அலுவலகத்தில் கேட்டேன்.

"அக்கா, சதவீதம் முகமதிப்புக்குத்தான், அதாவது பங்குக்குக் கம்பெனி குறிச்சிருக்கிற மதிப்புக்கு; மார்க்கெட் விலைக்கு இல்ல. இதோட முகமதிப்பு ஒரு ரூபா. அப்ப பங்குக்கு நாலு ரூபா" என்று அந்தத் தம்பி ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

சரி, நாலு ரூபாயாவது வரட்டும். ரெக்கார்டு தேதி, அதாவது அன்று யார் கணக்கில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட் என்று கம்பெனி குறித்த நாள், வெள்ளிக்கிழமை. வாங்கிய மறுநாளே பங்கு கணக்கில் ஏறிவிடுவதால் வியாழக்கிழமை வரை வாங்கலாம். 50 பங்கு வாங்கினேன். வெள்ளி காலையில் விலை 376 சொச்சத்தில் நின்றது! பதறிப்போய் போன் போட்டேன். அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த நாலு ரூபாய் கிடையாது, அதனால் விலையும் ஏறக்குறைய அந்த அளவு இறங்கித்தான் தொடங்கும் என்றார். டிவிடெண்டுக்காக மட்டும் முந்தின நாள் ஓடிப்போய் வாங்காதீர்கள் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கம்பெனியின் பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் டிவிடெண்டுக்கு ஒப்புதல் ஆனதும் 30 நாளுக்குள் பணம் வரவேண்டும். வரவில்லை. டிமேட்டோடு இணைத்திருந்தது என் பழைய சம்பளக் கணக்கு. வேலையை விட்டபோது அதை மூடியிருந்தேன். பணம் திரும்பிப் போயிருக்கிறது. புதுக் கணக்கின் கேன்சல் செய்த செக்கோடு புரோக்கரிடம் படிவம் கொடுத்து வங்கி விவரத்தை மாற்றினேன். அப்புறம் டிமேட் விவரங்கள் அடங்கிய கிளையண்ட் மாஸ்டர் நகலில் கையெழுத்திட்டு, இன்னொரு செக்கும் வைத்து, கம்பெனியின் பங்குதாரர் கணக்கைப் பார்க்கும் பதிவாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

"இருநூறு ரூபாய்க்கா இந்த அலைச்சல்?" என்றார் வீட்டுக்காரர். தொடர்ந்து 7 வருஷம் டிவிடெண்டை வாங்காமல் விட்டால், அந்தப் பணம் மட்டுமல்ல, பங்குகளே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்கத் தனியாக மனுப் போட வேண்டும். அதைச் சொன்னதும், அவருடைய அப்பா வாங்கிவைத்த பங்குப் பத்திரங்களைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார்.

சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றபோது குறுஞ்செய்தி வந்தது: 200 ரூபாய் வரவு. ஒரே கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரி பிடிப்பார்கள், ஆனால் 200 ரூபாயானாலும் வருமானம்தான். வரிக் கணக்கில் காட்டிவிட்டேன். மாமனாரின் பத்திரங்களில் இரண்டு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது, மூன்றாவது இந்த வாரம்.