சிவப்பு வரிசை

2018 பிப்ரவரியில் நான் அனுப்பிய எக்ஸெல் கோப்பில் ஒரு வரிசை தப்பு. அது எனக்கே தெரிவதற்குள், எங்களிடம் ஆலோசனை கேட்ட அணியின் கைக்குக் கோப்பு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்போது அமெரிக்காவில் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்குத் தரவு ஆய்வு வேலை. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகளுக்கு, புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்போம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த டிராஃப்ட் லேசில் பிடிபடவில்லை. ஐ.பி.எல். ஏலத்தில் பையில் காசு இருக்கிறவரை கையைத் தூக்கலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. போன வருஷம் ரொம்ப மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, அப்படியே வரிசையாக 32 அணிகள், ஏழு சுற்று. கல்லூரியிலிருந்து வரும் பையன்களில் ஒவ்வொருவனாக எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். சம்பளத்திலும் பேரம் கிடையாது என்றே சொல்லலாம். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2011-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையாவதாக எடுத்தார்கள் என்பதுதான் தொகையை முடிவுசெய்கிறது. இரண்டாவது இடத்தில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை எடுத்தாலும், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கை எடுத்தாலும் நான்கு வருஷத்துக்கு ஏறக்குறைய அதே பணம்.

என் வேலை இங்கேதான் ஆரம்பம். பணம் ஒன்றுதான் என்றால், எந்த வேலைக்கு ஆள் எடுத்தால் லாபம்? அதே தரத்தில் ஒருவனை வெளிச்சந்தையில் பிடிக்க என்ன ஆகும் என்று பார்த்தால் பாதி பதில் வந்துவிடும். அந்த மார்ச்சில் மினசோட்டா வைகிங்ஸ் கிர்க் கசின்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்கு 3 வருஷத்துக்கு 84 மில்லியன் டாலர் கொடுத்தது. இரண்டாவதாக எடுக்கப்படும் பையனுக்கு 4 வருஷத்துக்கும் சேர்த்து 31 மில்லியன் சொச்சம்தான். குவாட்டர்பேக்காக எடுத்து, அவன் தேறியும் விட்டால், கொள்ளை லாபம். அதே 31 மில்லியனை ரன்னிங் பேக்குக்குக் கொடுத்தாலோ, ஒரு பந்தைத் தொடும் முன்பே அவன் அந்த வேலையில் அதிகம் சம்பாதிக்கும் சிலரில் ஒருவன் ஆகிவிடுவான். மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? முந்தின வருஷம் லீகிலேயே அதிக தூரம் ஓடிய கரீம் ஹன்ட்டை மூன்றாம் சுற்றில்தான் எடுத்தார்கள். ரன்னிங் பேக் வரிசைக்குச் சிவப்பு நிறம் அடித்தேன். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

தப்பு வேறு வரிசையில்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருஷம் கல்லூரி மைதானங்களுக்குக் காரோட்டிப் போய் பையன்களைப் பார்த்த ஸ்கவுட். திரையில் எதையும் படிக்க மாட்டார், அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அன்று சாண்ட்விச் தின்றுகொண்டே என் தாளைப் புரட்டியவர், மயோனைஸ் பட்ட விரலை ஓரிடத்தில் வைத்தார். ‘கார்டு’ என்ற வரிசையில் எண்ணெய்த் தடம்.

“இவனுக்கும் லெஃப்ட் டேக்கிளுக்கும் ஒரே விலையா? எந்த ஊரில்?”

குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஐந்து பேரில் ஓரத்தில் இருப்பவன் டேக்கிள், அவனுக்கு உள்பக்கம் கார்டு. பாய்ந்து வரும் வேகக்காரனைத் திறந்தவெளியில் தனியாகச் சமாளிக்கிற டேக்கிளுக்குக் கிராக்கி அதிகம். நான் சம்பளக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது ஃப்ரான்சைஸ் டேக் தொகையை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனை ஒரு வருஷம் பிடித்துவைக்க லீக் நிர்ணயிக்கும் தொகை அது. லீக் அதில் அந்த ஐவரையும் ஒரே குடத்தில் போட்டுக் கலக்குகிறது. டேக்கிளின் விலை கார்டின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவருக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. முப்பது வருஷத்தில் ஒரு கார்டுக்காக எந்த அணியும் அடித்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அன்று ராத்திரி எட்டு மணிக்கு மன்னிப்புக் கடிதத்தோடு திருத்திய கோப்பு போனது. கார்டு இப்போது கீழே.

ஏப்ரல் 26. எல்லோரும் அலுவலகத்திலேயே பீட்சா வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தோம். கிளீவ்லாந்து பிரௌன்ஸ் பேக்கர் மேஃபீல்டை எடுத்தது. இரண்டாவது, நியூயார்க் ஜயண்ட்ஸ். அவர்களுடைய குவாட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. எடுத்ததோ சாக்வான் பார்க்லி, ரன்னிங் பேக். என் சிவப்பு வரிசை. ரன்னிங் பேக்குக்கு இவ்வளவு உயரத்தில் மதிப்பில்லை என்கிறார்களே என்று கேட்டபோது, அணியின் பொது மேலாளர் டேவ் கெட்டில்மன் நிருபர்கள் முன்னால் விரல்களை ஆட்டி டைப் அடிப்பதுபோல் நடித்துக் காட்டினார். எங்கள் பிழைப்பையே சொன்னார். சிரித்தோம், கொஞ்சம் வலித்தது.

ஆறாவது இடத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் குவென்டன் நெல்சனை எடுத்தபோதுதான் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெல்சன் ஒரு கார்டு.

திருத்திய அட்டவணைப்படி அது வீண் செலவு. நடந்தது வேறு. 2017-இல் கோல்ட்ஸ் குவாட்டர்பேக்குகளை எதிரணிகள் 56 முறை பிடித்துச் சாய்த்திருந்தார்கள், லீகிலேயே அதிகம். 2018-இல் 18 முறைதான், லீகிலேயே குறைவு. நெல்சன் முதல் மூன்று வருஷமும், லீகின் சிறந்தவர்களைப் பொறுக்கி அறிவிக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில். தப்பான கோப்பு சொன்னது பலித்தது, சரியான கோப்பு சொன்னது பலிக்கவில்லை. இதை நான் மேலதிகாரியிடம் சொல்லவில்லை. ஆனால் கோல்ட்ஸ் முதலில் மூன்றாவது இடத்தில் இருந்தார்கள். அதை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆறாவதையும், கூடவே இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் மூன்றையும் வாங்கிக்கொண்டவர்கள். அவற்றில் ஒன்றில் எடுத்த பிரேடன் ஸ்மித் அதே வருஷம் ரைட் டேக்கிளாக நின்றான். 56 பதினெட்டாகக் குறைந்ததில் யார் பங்கு எவ்வளவு என்று என் அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது இடத்துக்கு ஏறிவந்த ஜெட்ஸ் எடுத்தது சாம் டார்னல்ட், குவாட்டர்பேக். என் அட்டவணை கைதட்டும் தேர்வு. மூன்று வருஷத்தில் அவனை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். பின்னாளில் லீகின் பெரிய நட்சத்திரங்களான குவாட்டர்பேக்குகள் இரண்டு பேர், ஏழாவதாக ஜோஷ் ஆலனும், 32-ஆவதாக லமார் ஜாக்சனும், அதே இரவு போனார்கள். குவாட்டர்பேக்கை எடு என்றது சரி. எந்தக் குவாட்டர்பேக் என்பதற்கு என்னிடம் நெடுவரிசையே இல்லை. பெரியவரிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதில் ஆலன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருந்தார் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், காட்டவில்லை.

பார்க்லி முதல் வருஷம் ஓடியும் பிடித்தும் 2,028 யார்டு சேர்த்து சிறந்த புதுமுகம் ஆனான். ஜயண்ட்ஸ் 5 வெற்றி, 11 தோல்வி. 2020-இல் முழங்கால் போனது. 2024-இல் ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்தவனை, பக்கத்து எதிரியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 3 வருஷத்துக்கு 37.75 மில்லியனுக்கு வாங்கிக்கொண்டது. அங்கே லீகின் பலமான ஐவர் அரண் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்த சீசனில் 2,005 யார்டு, 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பை.

கோப்பை வென்ற மறுநாள் பெரியவர் ஃபோன் செய்தார். ஓய்வு பெற்று ரொம்ப நாள் ஆகிவிட்டது, குரல் இளைத்திருந்தது.

“பார்த்தாயா அவனை?”

“பார்த்தேன். ஆனால் ஈகிள்ஸ் அவனை டிராஃப்டில் எடுக்கவில்லையே, கடையில் வாங்கினார்கள். நான் சொன்னதும் அதைத்தானே?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அந்த வரிசை இன்னும் சிவப்புதானா?”

“சிவப்புதான்.”

“பிடிவாதக்காரன்” என்று சொல்லிவிட்டு, நெல்சனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.