கண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக்

இன்று நாகர்கோவிலில் உயிரிப்பொருள் (உடலுக்குள் வைக்கும் பொருட்கள்) வகுப்பு. ஆரம்பித்ததுமே பின்பெஞ்சில் கொட்டாவி. சரி, கதைக்குப் போவோம் என்று பலகையை விட்டு நகர்ந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் அக்ரிலிக் சில்லுகள் தைத்தன. உள்ளேயே கிடந்தும் பெரிதாக அழற்சி இல்லை. இதைக் கவனித்த கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்புரை நோயாளிக்கு வைத்தார். சக மருத்துவர்கள் பல வருடம் எதிர்த்தார்கள் (எதிர்க்காமல் இருந்தால்தானே அதிசயம்).

கொட்டாவி விட்டவன்தான் கேட்டான்: "சார், எங்க ஆச்சிக்கு வச்சது மடக்குற லென்ஸாம், அதுவும் இதேதானா?"

இல்ல மக்களே, அது பெரும்பாலும் மென்மையான அக்ரிலிக். சுருட்டி, 3 மில்லிமீட்டர்கூட இல்லாத கீறல் வழியே விட்டால் உள்ளே போய்த் தானே விரியும்.

ஆச்சி தோவாளையில் மறுபடியும் பிச்சிப்பூ கட்ட உட்கார்ந்துவிட்டாராம்.