காற்றில் வந்த மின்சாரம்

மல்டிமீற்றரில் 0.2 வோல்ற். பற்றரி கிடையாது, சோலார் தகடும் கிடையாது. காற்றில் வரும் வானொலி அலையிலிருந்து கிடைத்தது.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் மருமகன் முருங்கை மரத்திலிருந்து மதில்வரை இழுத்த செப்புக் கம்பி (அக்காவுக்கு உடுப்புக் காயப்போட இன்னொரு கொடி), கிணற்றடியில் அடித்த ஏர்த் கம்பி, நடுவில் ஒரு ஜேர்மேனியம் டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் உறுப்பு).

டயோட்டின் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய உலோக இழை படிகத்தைத் தொட்டு நிற்பது வெளிச்சத்தில் தெரிகிறது. சிலிக்கன் டயோட் மின்சாரத்தைக் கடத்த ஏறத்தாழ 0.6 வோல்ற் வேண்டும். இதற்கு அதில் பாதியே போதும். வானொலி அலையின் சில்லறையைப் பொறுக்க ஏற்றது.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்ட ஊர் இது. இந்தப் பைத்தியம் எங்களுக்குப் புதிதல்ல.

“மாமா, போன் சார்ஜ் ஆகுமா?”

ஆகாது. கிடைப்பது மைக்ரோவாற் (வாற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கு. ஆகுமென்று காணொளி போடுகிறவர்கள் மேசைக்குக் கீழே பற்றரி வைத்திருப்பார்கள்.