பட்டன் தேயாத டயர் வெடித்த கதை

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கையில் கிரீஸ் கறை போகவில்லை, எரிச்சலும் போகவில்லை. முகாம் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போன ஐந்து நாள் பயணத்தில் ஒன்றரை நாளை டயரே தின்றுவிட்டது. ஏரிக்கரை முகாமைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது அப்புறம்.

மூன்றாம் நாள் மத்தியானம், கொளுத்தும் வெயில். பின்னால் படார் என்று சத்தம். கண்ணாடியில் பார்த்தால் கறுப்புத் துண்டுகள் பறக்கின்றன. டிரெய்லரின் இடது பக்கப் பின் டயர். கிழிந்த ரப்பர் சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டை அடித்துப் பெயர்த்து, விளக்கு ஒயரையும் பிடுங்கியிருந்தது.

"கிளம்பும்போது பார்த்தீங்களே, நல்லா இருக்குன்னீங்க?" என்றாள் மனைவி.

பார்த்தேன்தான். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, தேயவே இல்லை. நான் பார்க்காதது பக்கவாட்டில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக் குறியீடு) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக வரும் நான்கு எண்களை: 3517. அதாவது 2017இன் 35ஆவது வாரம் செய்த டயர். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். போதாததற்கு, வேகக் குறி இல்லாத எஸ்டி டயருக்கு (டிரெய்லருக்கென்றே செய்யும் டயர்) மணிக்கு 65 மைல்தான் வரம்பு. நான் 70இல் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்டெப்னி மாட்ட வந்தவர் இருபது நிமிட வேலைக்கு வாங்கிய பணத்தில் முகாமில் இன்னும் இரண்டு ராத்திரி தங்கியிருக்கலாம். பகல் கொள்ளை.

அடுத்த லாரி நிறுத்தத்தில் எடைமேடை இருந்தது. இதற்கு வேறு காசா என்று தயங்கினேன், ஆனால் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவுகூட ஆகவில்லை. இரண்டு அச்சுகளிலும் சேர்த்து 6,240 பவுண்டு. என் டயர் எஸ்டி205/75ஆர்14, லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) சி. ஒன்று 1,760 தாங்கும், நான்கும் சேர்ந்து 7,040. அப்பாடா என்று கிளம்பப் பார்த்தேன். வரிசையில் நின்ற லாரிக்காரர் ஒருவர், ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள் என்றார்.

அனுமதி கேட்டு, வலது சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்தினேன். இடது பக்கம் மட்டும் 3,440! வலதுக்கு மிச்சம் 2,800தான். இடது டயர்கள் தலைக்கு 1,720 சுமந்திருக்கின்றன. அடுப்பு, பிரிட்ஜ், நான் அடுக்கிய டப்பா உணவு எல்லாமே அந்தப் பக்கம். தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான். கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 330க்கு மேல். முகாமில் குழாய் உண்டு என்று தெரிந்தே விளிம்புவரை நிரப்பியவன் நான்.

முதல் கடையில் கார் டயரை நீட்டினார்கள், விலை குறைவாம். கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் தாங்குதிறனை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்றதும் முகம் மாறியது. இரண்டாவது கடையில் எடுத்து வைத்த 'புது' டயரில் 1421. வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கியதற்கு முழு விலை கொடுக்க நான் என்ன ஏமாளியா? குனிந்து எண்ணைப் படித்த பிறகு உள்ளேயிருந்து வேறு நான்கு வந்தன.

அதே அளவில் லோடு ரேஞ்ச் டி. 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் ஒன்று 2,040 பவுண்டு தாங்கும். ரிம் அந்தக் காற்றைத் தாங்குமா என்று அதன் உட்புற முத்திரையில் பார்த்துக்கொண்டேன். வால்வும் உலோகத்தில் போடச் சொன்னேன். பட்ஜெட் அங்கேயே செத்தது.

ஐம்பது மைல் ஓடியதும் நிறுத்தி சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) சோதித்தேன். இரண்டு நட்டு கால் சுற்று இறங்கியது. தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.